கவுன்சில்தான் பெற்றோர்: இங்கிலாந்தில் பராமரிப்பில் வளரும் குழந்தைகளைக் கண்காணிப்பது யார்? கோட்டை விடுவது எங்கே?

குப்பை லாரி வரவில்லை என்றால் போன் போடும் அதே கவுன்சில். சாலையில் குழி விழுந்தால் திட்டு வாங்கும் அதே கவுன்சில். இங்கிலாந்தில் பெற்றோருடன் வாழ முடியாத குழந்தைகளுக்குப் பெற்றோர் இடத்தில் இருப்பதும் அந்தக் கவுன்சில்தான்.

2024 மார்ச் 31 கணக்குப்படி, அங்கே இப்படிக் கவுன்சில்களின் பராமரிப்பில் இருந்த குழந்தைகள் 83,630 பேர். இவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பேர் வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கிறார்கள். மற்றவர்கள் குழந்தைகள் இல்லங்கள், உறைவிட சிறப்புப் பள்ளிகள், பதின்பருவத்தினருக்கான தங்குமிடங்கள் என்று பிரிந்து கிடக்கிறார்கள்.

இந்தக் குழந்தைகள் நன்றாக இருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு அங்கே ஆள் பஞ்சம் இல்லை. சமூகப் பணியாளர், மறுஆய்வு அதிகாரி, மாதாமாதம் வரும் பார்வையாளர், அரசு ஆய்வாளர், கவுன்சிலர்கள் குழு என்று வரிசையாக ஆட்கள் உண்டு. ஆனாலும் பெரிய கொடுமைகள் வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் நடந்திருக்கின்றன. அது எப்படி?

கவுன்சில் எப்படி 'பெற்றோர்' ஆகிறது?

இதற்கு அடிப்படை 1989-ம் ஆண்டின் குழந்தைகள் சட்டம். ஒரு குழந்தை கவுன்சிலிடம் வருவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பெற்றோர் சம்மதத்தோடு வருவது. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்பது போன்ற சூழ்நிலைகள். சட்டத்தின் 20-வது பிரிவு இதைப் பற்றியது. இந்த வழியில் வரும் குழந்தை மீது பெற்றோருக்கான சட்ட உரிமை கவுன்சிலுக்குப் போகாது. பெற்றோர் கேட்டால் குழந்தையைத் திருப்பி அழைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று கோர்ட் வழி. குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டிருக்கிறது, அல்லது ஏற்படும் அபாயம் இருக்கிறது என்று நீதிமன்றம் திருப்தியடைந்தால் 31-வது பிரிவின் கீழ் பராமரிப்பு உத்தரவு போடும். அதன் பிறகு பெற்றோர் பொறுப்பு கவுன்சிலுக்கும் வந்துவிடும். பெற்ற அம்மா அப்பாவுக்கு அந்தப் பொறுப்பு மொத்தமாகப் போய்விடாது. ஆனால் அவர்கள் அதை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டு.

இது நடைமுறையில் எவ்வளவு தூரம் போகும் தெரியுமா? வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளை தோழி வீட்டில் ஒரு ராத்திரி தங்க வேண்டும், பள்ளிச் சுற்றுலா போக வேண்டும், முடியை வேறு மாதிரி வெட்டிக்கொள்ள வேண்டும் என்றால்கூட, சமூகப் பணியாளரிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்கும் நிலை பல இடங்களில் இருந்தது. வகுப்பில் எல்லாரும் பஸ் ஏறிவிடுவார்கள். இந்தப் பிள்ளைக்கு மட்டும் கையெழுத்து வந்திருக்காது. பிறகுதான் இதுமாதிரி அன்றாட முடிவுகளை வளர்ப்புப் பெற்றோரே எடுக்கலாம் என்று விதிகள் தெளிவாக்கப்பட்டன.

தமிழ்நாட்டில் இந்த வேலை மாவட்டக் குழந்தைகள் நலக் குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, கலெக்டர் என்று போகும். பராமரிப்பில் இருக்கும் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று நம்ம ஊர் வார்டு கவுன்சிலரிடம் யாரும் கேட்பதில்லை. இங்கிலாந்தில் கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

'கார்ப்பரேட் பேரன்ட்' என்றால் என்ன?

அங்கே இதற்கு வைத்திருக்கும் பெயர் 'கார்ப்பரேட் பேரன்ட்'. பெயரைப் பார்த்து ஏதோ கம்பெனி விஷயம் என்று நினைக்க வேண்டாம். கவுன்சில் என்ற மொத்த அமைப்பும் சேர்ந்து பெற்றோராக நடந்துகொள்ள வேண்டும் என்பது இதன் பொருள். குழந்தைகள் துறை மட்டும் அல்ல, வீட்டுவசதித் துறையும் சேர்த்துத்தான்.

1998-ல் அப்போதைய சுகாதாரத்துறை அமைச்சர் ஃபிராங்க் டாப்சன் கவுன்சிலர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். குழந்தைகளைப் பராமரிப்பில் எடுத்துவிட்டால் கவுன்சிலர்களும் பெற்றோர்தான், சொந்தப் பிள்ளைக்கு எதை எதிர்பார்ப்பீர்களோ அதையே இவர்களுக்கும் எதிர்பாருங்கள் என்பது அதன் சாரம். 'என் பிள்ளையா இருந்தா இதை நான் ஏத்துக்குவேனா?' என்ற கேள்விதான் அன்றிலிருந்து கவுன்சிலர்களுக்கான பயிற்சிகளில் திரும்பத் திரும்ப வருகிறது. 2017-ல் வந்த சட்டம் இதற்கென்று ஏழு கொள்கைகளையே எழுதிவைத்தது. குழந்தையின் விருப்பத்தைக் கேட்பது, அவர்களுக்குப் பாதுகாப்பான, நிலையான வாழ்க்கை கிடைக்கச் செய்வது, பெரியவர்களாகி வெளியே போகத் தயார்படுத்துவது எல்லாம் அதில் உண்டு.

பொறுப்பு யார் தலையில்?

முன்பெல்லாம் இது தெளிவாக இல்லை. ஏதாவது நடந்தால் கீழே இருக்கும் சமூகப் பணியாளர் மாட்டுவார், மேலே இருப்பவர்கள் 'எனக்குத் தகவல் வரவில்லை' என்பார்கள்.

2000-ம் ஆண்டு பிப்ரவரியில் லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற 8 வயதுச் சிறுமி உறவினர் வீட்டில் கொடூரமாகத் துன்புறுத்தப்பட்டு இறந்தாள். அவள் கவுன்சில் பராமரிப்பில் இருந்த குழந்தை அல்ல. ஆனால் அவள் ஆபத்தில் இருக்கிறாள் என்பதைக் கண்டுபிடிக்க கவுன்சில்கள், போலீஸ், மருத்துவமனைகள் எல்லோருக்கும் பலமுறை வாய்ப்பு இருந்தது, எல்லோரும் தவறவிட்டார்கள். 2003-ல் வந்த லார்ட் லேமிங் விசாரணை அறிக்கை மேலிடத்தின் பொறுப்பின்மையைக் கடுமையாகச் சாடியது.

அதன் விளைவுதான் 2004-ம் ஆண்டின் குழந்தைகள் சட்டம். குழந்தைகள் சேவைக்குப் பொறுப்பான ஒவ்வொரு கவுன்சிலிலும் இரண்டு பேரை அது கட்டாயமாக்கியது. ஒருவர் அதிகாரி, குழந்தைகள் சேவைகள் இயக்குநர். இன்னொருவர் மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர், 'லீட் மெம்பர்'. நம்ம பாஷையில் சொன்னால் கவுன்சிலின் குழந்தைகள் துறை அமைச்சர். இனிமேல் 'எனக்குத் தெரியாது' என்று இந்த இருவரும் சொல்ல முடியாது என்பதுதான் கணக்கு.

சரி, இவர்கள் இருவரையும் கேள்வி கேட்பது யார்? அதற்குத்தான் 'ஸ்க்ரூட்டினி கமிட்டி' என்ற ஆய்வுக்குழு. 2000-ம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு இது. நிர்வாகப் பொறுப்பில் இல்லாத கவுன்சிலர்கள் இதில் உட்காருவார்கள். லீட் மெம்பரையும் அதிகாரிகளையும் கூப்பிட்டு நேருக்கு நேர் விசாரிக்கலாம், ஆவணங்களைக் கேட்கலாம். முடிவை மாற்றும் அதிகாரம் கிடையாது. ஆனால் பொதுக் கூட்டத்தில் கேட்கப்படும் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கவுன்சிலர் முன்னால் வரும் அந்த ஃபைல்

பிரச்னை தொடங்குவதே இங்கேதான்.

கூட்டத்துக்கு முன்பு கவுன்சிலர்களுக்கு ஒரு கட்டு காகிதம் வரும். எத்தனை குழந்தைகளுக்கு மறுஆய்வுக் கூட்டம் சரியான நேரத்தில் நடந்தது, எத்தனை பேருக்குப் பல் பரிசோதனை முடிந்தது, ஒரே வருடத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களுக்கு மாற்றப்பட்டவர்கள் எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கலர் கொடுத்திருப்பார்கள். பச்சை அதிகமாக இருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். குழந்தைகளின் பெயர் இருக்காது, அது சரியும்கூட. ஆனால் குழந்தையே அந்தக் காகிதத்தில் இருக்காது என்பதுதான் சிக்கல்.

உதாரணத்துக்கு, 'மறுஆய்வுகளில் 95 சதவீதம் உரிய நேரத்தில் நடந்தன' என்று ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தலையாட்டிவிட்டுப் போகலாம். அல்லது மீதி 5 சதவீதம் யார், அவர்கள் எல்லோரும் தூரத்து ஊர்களில் வைக்கப்பட்ட பிள்ளைகளா, கூட்டத்துக்குக் குழந்தை வந்ததா, வந்து என்ன சொன்னது என்று கேட்கலாம். இரண்டாவது ரகக் கவுன்சிலர் இருக்கும் இடத்தில் அதிகாரிகள் அடுத்த முறை வேறு மாதிரி தயாராகி வருவார்கள். கண்காணிப்பின் தரம் பெரும்பாலும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

ராதர்ஹாம் நகரக் கதை இதற்குக் கசப்பான சாட்சி. அங்கே 1997 முதல் 2013 வரை குறைந்தபட்சம் சுமார் 1,400 குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானார்கள் என்று 2014 ஆகஸ்ட்டில் பேராசிரியர் அலெக்சிஸ் ஜேயின் அறிக்கை சொன்னது. அவர்களில் கவுன்சிலின் பராமரிப்பில் இருந்த பிள்ளைகளும் உண்டு. கவுன்சிலர்களுக்கு விஷயமே தெரியாதா? 2004-05-லேயே கவுன்சிலர்களுக்கும் மூத்த அதிகாரிகளுக்கும் இதைப் பற்றி வெளிப்படையாக விளக்கிக் கூட்டங்கள் நடந்திருக்கின்றன. அதற்குப் பிறகு யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது என்று அந்த அறிக்கை அடித்துச் சொன்னது.

அடுத்து 2015 பிப்ரவரியில் லூயிஸ் கேசி தலைமையிலான ஆய்வு, அந்தக் கவுன்சில் தன் வேலைக்கே தகுதியற்ற நிலையில் இருக்கிறது என்றது. கவனிக்க வேண்டியது, அங்கே ஆய்வுக்குழு இல்லாமல் இல்லை. அறிக்கைகளும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. வந்த அறிக்கையை எதிர்த்துக் கேட்கும் ஆள்தான் போதவில்லை. அறிக்கை வெளியான அன்றே கவுன்சிலின் கேபினட் மொத்தமும் பதவி விலகுவதாக அறிவித்தது. மத்திய அரசு கமிஷனர்களை அனுப்பி நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. மூன்று வருடம் கழித்து, 2018 ஜனவரியில், அதே கவுன்சிலின் குழந்தைகள் சேவைக்கு ஆய்வாளர்கள் 'நன்று' என்று மதிப்பு கொடுத்தார்கள். ஆக, சரிசெய்ய முடியாத விஷயம் ஒன்றும் இல்லை.

நேரில் போய்ப் பார்ப்பவர்கள் யார் யார்?

காகிதத்தைத் தாண்டிக் குழந்தையை நேரில் பார்க்கச் சட்டமே சில ஆட்களை வைத்திருக்கிறது.

முதலில் சமூகப் பணியாளர். குழந்தை புது இடத்துக்குப் போன ஒரு வாரத்துக்குள் பார்க்க வேண்டும், முதல் வருடம் முழுக்க அதிகபட்சம் ஆறு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். குழந்தையிடம் தனியாகப் பேச வேண்டும் என்பது இதில் முக்கியம். ஆனால் வேலைப்பளு தாங்காமல் சமூகப் பணியாளர்கள் விலகுவது அங்கே தீராத தலைவலி. ஒவ்வொரு முறையும் புது முகம் வந்து நின்றால் எந்தப் பிள்ளை மனம் திறக்கும்?

இரண்டாவது, மறுஆய்வு அதிகாரி. பராமரிப்புத் திட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் கூட்டங்களை நடத்துபவர் இவர். முதல் கூட்டம் 20 வேலை நாட்களுக்குள், அடுத்தது மூன்று மாதத்துக்குள், அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கவுன்சில் சொன்னபடி நடக்கவில்லை என்றால், நீதிமன்றங்களில் குழந்தைகள் சார்பில் செயல்படும் 'காஃப்காஸ்' அமைப்பு வரை விஷயத்தைக் கொண்டுபோக இவருக்கு அதிகாரம் உண்டு. பெயரிலேயே 'சுதந்திரமான' என்ற சொல் இருக்கிறது. ஆனால் இவருக்குச் சம்பளம் கொடுப்பது, இவர் கேள்வி கேட்க வேண்டிய அதே கவுன்சில். ஒருவருக்கு 50 முதல் 70 குழந்தைகள் வரை இருக்கலாம் என்கிறது வழிகாட்டி விதி.

மூன்றாவது, குழந்தைகள் இல்லங்களுக்கு மாதம் ஒருமுறையாவது போக வேண்டிய வெளிப் பார்வையாளர். 2015-ம் ஆண்டு விதிகளில் 44-வது விதி இது. குழந்தைகளிடம் பேசி, இடத்தைச் சுற்றிப் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். இவரை ஏற்பாடு செய்ய வேண்டியது யார் என்றால், அந்த இல்லத்தை நடத்துபவர். இங்கேயும் அதே கதைதான்.

2022-ல் ஜாஷ் மெக்கலிஸ்டர் தலைமையில் நடந்த சுயாதீன ஆய்வு, இந்த மறுஆய்வு அதிகாரி, மாதப் பார்வையாளர் பதவிகளையே எடுத்துவிட்டு, ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் குரலாக நிற்கும் தனி வக்காலத்து ஆள் ஒருவரைக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. இருக்கிற பாதுகாப்பையும் பிடுங்குவதா என்று எதிர்ப்பு கிளம்பியது.

இவர்கள் எல்லோருக்கும் மேலே ஆஃப்ஸ்டெட். பள்ளிகளையும் குழந்தைகள் சேவைகளையும் ஆய்வு செய்யும் அரசு அமைப்பு. கவுன்சில்களுக்கும் இல்லங்களுக்கும் தனித்தனியாக மதிப்பு கொடுக்கும். கவுன்சிலுக்கு மோசமான மதிப்பு விழுந்தால் சேவையையே பிடுங்கி வேறு அமைப்பிடம் கொடுக்க அரசால் முடியும். டான்காஸ்டரில் 2014-ல் அப்படித்தான் தனி டிரஸ்ட் அமைத்தார்கள். 2022-ல்தான் அது மறுபடி கவுன்சிலிடம் வந்தது.

55 கவுன்சில்கள், 108 பேர்

இத்தனை அடுக்கு இருந்தும் என்ன நடக்கலாம் என்பதற்கு ஹெஸ்லி குழுமம் நடத்திய இல்லங்களின் விவகாரத்தைப் பார்த்தால் போதும்.

டான்காஸ்டர் பகுதியில் அந்தத் தனியார் நிறுவனம் மூன்று இல்லங்களை நடத்தியது. மாற்றுத்திறனும் சிக்கலான உடல்நலத் தேவைகளும் உள்ள பிள்ளைகளுக்கான இடங்கள் அவை. வாய்விட்டுச் சொல்ல முடியாத பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். 2018-க்கும் 2021 மார்ச்சுக்கும் இடையே அங்கே இருந்த 108 குழந்தைகள், இளைஞர்களின் நிலையைத் தேசியக் குழந்தைகள் பாதுகாப்பு ஆய்வுக்குழு விசாரித்தது. உடல் வன்முறையும் பாலியல் வன்முறையும் புறக்கணிப்பும் திட்டமிட்ட முறையில் நீண்டகாலம் நடந்தன என்று 2022 அக்டோபரில் அறிக்கை கொடுத்தது.

இந்த 108 பேரையும் அங்கே அனுப்பியவை 55 வெவ்வேறு கவுன்சில்கள். ஒவ்வொரு கவுன்சிலுக்கும் தெரிந்தது தன்னுடைய ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளைகளின் கதை மட்டும். ஒரு புகார் வந்தால் அதைத் தனிச் சம்பவமாகப் பார்த்து மூடிவிடலாம். 55 ஊர்களின் துண்டுகளையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்த ஆள் யாரும் இல்லை. கொடுமை நடந்துகொண்டிருந்த காலத்தில் அந்த இல்லங்களுக்கு ஆஃப்ஸ்டெட் கொடுத்திருந்த மதிப்பு 'நன்று'. ஏதோ ஒரு கவுன்சிலில், ஏதோ ஒரு கூட்டத்தில், 'எங்கள் பிள்ளைகள் நல்ல மதிப்பு பெற்ற இல்லத்தில் இருக்கிறார்கள்' என்பது பச்சைக் கலரில் அச்சாகியிருக்கவும் கூடும்.

இதே மாதிரி இல்லங்களில் இருக்கும் மாற்றுத்திறன் குழந்தைகள் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்று உடனே சரிபார்க்கும்படி எல்லாக் கவுன்சில்களின் இயக்குநர்களையும் அந்தக் குழு கேட்டுக்கொண்டது.

ஏன் இவ்வளவு தூரம் அனுப்புகிறார்கள்?

பக்கத்தில் இடம் இல்லை. இதுதான் நேரடியான பதில். தன் எல்லைக்குள் போதுமான இடங்களை உருவாக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனாலும் பராமரிப்பில் உள்ள குழந்தைகளில் சுமார் ஐந்தில் ஒருவர் சொந்த வீட்டிலிருந்து 20 மைலுக்கு அப்பால் இருக்கிறார். பள்ளி மாறுகிறது, நண்பர்கள் போகிறார்கள், தம்பி தங்கையைப் பார்ப்பது அபூர்வமாகிறது. கவுன்சிலரும் போய் எட்டிப் பார்ப்பதில்லை.

இன்னொரு பக்கம் காசு விவகாரம். இங்கிலாந்தின் குழந்தைகள் இல்லங்களில் பத்தில் எட்டுக்கும் மேல் தனியார் கையில் இருக்கின்றன. வீட்டு விலை குறைவான இடத்தில் இல்லம் தொடங்கினால் லாபம் அதிகம். அதனால் வடமேற்குப் பகுதியில் மட்டும் மொத்த இல்லங்களில் சுமார் கால்வாசி குவிந்திருக்கின்றன. லண்டனில் பிள்ளைகள் இருக்கிறார்கள், இல்லங்கள் இல்லை. சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு 2022-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பெரிய நிறுவனங்கள் குழந்தைகள் இல்லங்களில் பார்த்த செயல்பாட்டு லாபம் 2016 முதல் 2020 வரை சராசரியாக 22.6 சதவீதம்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஒரு பிள்ளைக்கு அவசரமாக இடம் வேண்டும், நாட்டிலேயே காலியாக இருப்பது ஒன்றே ஒன்று என்றால் பேரம் பேச முடியுமா? கேட்ட காசைக் கொடுத்து அனுப்ப வேண்டியதுதான். அந்த இடம் நல்ல இடமா என்ற கேள்வி திங்கட்கிழமைதான் வரும்.

குழந்தைகள் சொல்வதைக் கேட்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. பராமரிப்பில் உள்ள பிள்ளைகளே உறுப்பினர்களாக இருக்கும் 'பராமரிப்புக் குழந்தைகள் மன்றம்' கவுன்சில்களில் செயல்படுகிறது. சில இடங்களில் இது உயிரோட்டமாக நடக்கும், லீட் மெம்பரையே உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். சில இடங்களில் வருடத்துக்கு ஒரு பீட்சா விருந்து, ஒரு குரூப் போட்டோவோடு சரி. புகார் கொடுக்க விரும்பும் குழந்தைக்கு உதவ ஒரு வக்காலத்து ஆளைக் கவுன்சில் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதிலும் தீரவில்லை என்றால் உள்ளாட்சி ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையரிடமும் உதவி கேட்கலாம். 18 வயதானதும் கைகழுவவும் முடியாது. 25 வயது வரை தனி ஆலோசகரின் உதவி கேட்க அந்த இளைஞர்களுக்கு உரிமை உண்டு.

இப்போது என்ன மாறுகிறது?

2024 டிசம்பரில் இங்கிலாந்துக்கான குழந்தைகள் நலன் மற்றும் பள்ளிகள் மசோதா நாடாளுமன்றத்தில் அறிமுகமானது. இல்லங்களை நடத்தும் நிறுவனங்களின் லாபத்துக்கு உச்சவரம்பு வைக்கும் அதிகாரம் அதில் இருந்தது. பக்கத்து வேல்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், குழந்தைகள் பராமரிப்பில் லாபமே பார்க்கக் கூடாது என்ற திசையில் 2025-ல் சட்டமே போட்டுவிட்டது.

மசோதாவில் இருந்த இன்னொரு யோசனை, பல கவுன்சில்கள் சேர்ந்து வட்டார அளவில் ஒரே அமைப்பாக இடங்களை ஏற்பாடு செய்வது. கிரேட்டர் மான்செஸ்டரிலும் தென்கிழக்குப் பகுதியிலும் இதற்கான முன்னோட்டம் தொடங்கப்பட்டது. ஒரே நிறுவனத்திடம் பத்துக் கவுன்சில்கள் தனித்தனியாக மாட்டிக்கொள்வதைவிட, சேர்ந்து பேசினால் விலையும் குறையும், புகார்களும் ஒரே இடத்தில் சேரும் என்பது இதை ஆதரிப்பவர்கள் சொல்வது. ஹெஸ்லி விவகாரத்தைப் பார்த்தால் அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் வட்டார அமைப்பு எடுத்த முடிவால் ஒரு பிள்ளை தவறான இடத்துக்குப் போய்விட்டால், எந்த ஊர் ஆய்வுக்குழு யாரைக் கூப்பிட்டுக் கேட்கும்? பராமரிப்பு உத்தரவில் பெற்றோர் என்று பெயர் இருப்பது என்னவோ அந்தப் பிள்ளையின் சொந்த ஊர் கவுன்சிலுக்குத்தான்.